கலிபோர்னியாவில் முதல் ரைபிள்: ஃபிக்ஸட் மேகசினா, ஃபீச்சர்லெஸ்ஸா, இல்லை வேறொன்றா?

அக்கா மகனுக்குப் போன மாதம் கிரீன் கார்டு வந்தது. வந்த வாரமே போன் செய்தான். "மாமா, ஏஆர்-15 வாங்கலாம்னு இருக்கேன். கடையில ரெண்டு மாதிரி காட்டுறாங்க. ஒண்ணுல பிடிக்குப் பின்னாடி மீன் துடுப்பு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு, பார்க்கவே சகிக்கல. இன்னொண்ணு சூப்பரா இருக்கு, ஆனா மேகசின் கழலாதாம். எதை வாங்கட்டும்?" போனில் அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. இதே கேள்வியை இங்கே வேறு பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். ஏஆர்-15தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் ஃபீச்சர்லெஸ் வாங்குங்கள், அதாவது சட்டம் தடுக்கும் உறுப்புகள் இல்லாத, அந்தத் துடுப்பு ஒட்டிய வகை. அந்த வடிவம் கட்டாயமில்லை என்றால், கலிபோர்னியா சட்டத்துக்காக எதையுமே மாற்றத் தேவையில்லாத ரைபிளைப் பாருங்கள். வாழ்க்கையில் முதல் துப்பாக்கியே இதுதான் என்றால் இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, சின்னத் தோட்டா போடும் ஒரு .22 ரைபிள் வாங்குங்கள். ஃபிக்ஸட் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியான மேகசின் கழலாத வகையை, மிகச் சிலருக்குத்தான் சொல்வேன். இதற்கெல்லாம் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: உள்ளே தோட்டா சிக்கிக்கொண்டால், அதை எவ்வளவு சுலபமாக, எவ்வளவு பாதுகாப்பாக வெளியே எடுக்கலாம்? கடை வெளிச்சத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், சிக்கிய அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

அதற்கு முன் ஒரு விஷயம், நம் ஆட்களில் நிறைய பேருக்கு இது தெரிவதில்லை. எச்-1பி, எஃப்-1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது மாதிரி சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்கும் முன் வக்கீலிடம் பேசிவிடுங்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம், கடையில் நிரப்பும் மத்திய அரசுப் படிவம் 4473இல் உங்கள் ஏலியன் நம்பரைக் கேட்பார்கள், அதனால் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஆனால் கிரீன் கார்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாக ஒரு தண்டனை வந்தால், நாடு கடத்துவதற்குக் குடியேற்றச் சட்டப்படி அதுவே காரணமாகலாம். குடிமகனுக்கு அபராதம், சிறை என்று போவது, நமக்கு வீடு வாசல் வேலை எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். "கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா யாருக்குத் தெரியப்போகுது" என்ற பேச்சைத் தயவுசெய்து காதில் வாங்காதீர்கள்.

சரி, இந்த விசித்திர வடிவங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன? 1989 ஜனவரி 17ஆம் தேதி, ஸ்டாக்டன் நகரத்துக் கிளீவ்லேண்ட் தொடக்கப் பள்ளி மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒருவன் ஏகே வகை ரைபிளால் சுட்டான். ஐந்து குழந்தைகள் இறந்துபோனார்கள், 30 பேருக்கும் மேல் காயம். இறந்த ஐந்து பேரும் கம்போடியா, வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த குடும்பத்துப் பிள்ளைகள். போரிலிருந்து தப்பிப் பிழைத்து வந்த பெற்றோர் இங்கே பள்ளி வாசலில் பிள்ளையைப் பறிகொடுத்தார்கள். நான் துப்பாக்கி சுடுவதை விரும்புகிறவன், இந்தச் சட்டத்தில் எனக்குப் புரியாத இடங்கள் நிறைய உண்டு. ஆனால் அது எந்த மைதானத்தில் பிறந்தது என்பதை மறந்துவிட்டு அதைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

அந்த வருடமே ராபர்ட்டி-ரூஸ் சட்டம் வந்தது. ஆளுநர் ஜார்ஜ் டியூக்மேஜியன் கையெழுத்திட்டார். பெயர் சொல்லித் தடை செய்த சட்டம் அது, கோல்ட் ஏஆர்-15 என்று பட்டியலில் இருந்தால் அதற்குத் தடை. பெயரை மட்டும் மாற்றி அதே ரைபிள் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதனால் 1999இல் எஸ்பி 23 என்ற சட்டம் போட்டு, 2000 ஜனவரி 1 முதல் உறுப்புகளை வைத்துத் தடை செய்தார்கள். மேகசினைக் கழற்றி மாட்டலாம், கூடவே பிஸ்டல் கிரிப் (கைத்துப்பாக்கி மாதிரி கீழே நீட்டியிருக்கும் பிடி) மாதிரி ஏதாவது ஒரு உறுப்பும் இருக்கிறது என்றால் அது சட்டம் தடுக்கும் 'அசால்ட் வெப்பன்'. "கழற்றி மாட்டுவது" என்றால் என்ன என்று விதிமுறையில் எழுதும்போது, கருவி வைத்துக் கழற்றினால் கணக்கில் வராது என்றும், தோட்டாவின் முனையும் ஒரு கருவிதான் என்றும் எழுதிவைத்தார்கள். அதிலிருந்துதான் புல்லட் பட்டன் வந்தது, தோட்டா முனையால் ஒரு சின்னக் குழியை அழுத்தினால் மேகசின் கழன்று வரும். வருடக்கணக்கில் கலிபோர்னியாவில் ஏஆர் என்றால் புல்லட் பட்டன் ஏஆர்தான். 2015 டிசம்பர் 2 அன்று சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்ட பிறகு அடுத்த வருடமே அந்த வழியை அடைத்தார்கள், 2017 ஜனவரி 1 முதல் புல்லட் பட்டன் செல்லாது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் 2018 ஜூன் 30க்குள் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கதவு மூடிவிட்டது. இப்போது யாராவது உங்களிடம் பழைய புல்லட் பட்டன் ரைபிளை மலிவாகத் தருகிறேன் என்றால் தொடவே தொடாதீர்கள்.

இன்றைய நிலவரம் இதுதான். செமி-ஆட்டோ, சென்டர்ஃபயர், இந்த இரண்டும் சேர்ந்த ரைபிளுக்குத்தான் இந்த விதிகள். டிரிகரை ஒருமுறை அழுத்தினால் ஒன்று சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது செமி-ஆட்டோ. தோட்டாவின் அடிப்பக்கத்தில் நடுவே பொட்டு மாதிரி பிரைமர் இருந்தால் சென்டர்ஃபயர், .22 மாதிரி விளிம்பில் அடிவாங்கி வெடிப்பது ரிம்ஃபயர். செமி-ஆட்டோ சென்டர்ஃபயர் மூன்று வழிகளில் மாட்டிக்கொள்ளும். மேகசின் நிலையாக இல்லாமல், பிஸ்டல் கிரிப், கட்டைவிரல் ஓட்டை வைத்த ஸ்டாக் (தோளில் ஊன்றும் பின்கட்டை), மடங்கும் அல்லது நீண்டு குறுகும் ஸ்டாக், முன்பக்கப் பிடி, ஃபிளாஷ் சப்ரெஸர் (சுடும்போது வரும் தீச்சுவாலையைக் குறைக்கும் குழல்முனைச் சாமான், ஃபிளாஷ் ஹைடர் என்பதும் இதுதான்), கிரெனேட் அல்லது ஃபிளேர் லாஞ்சர் இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் தடை. மேகசின் நிலையாக இருந்து அதில் 10 தோட்டாவுக்கு மேல் பிடித்தால் தடை. மொத்த நீளம் 30 அங்குலத்துக்குக் குறைந்தால் தடை, அதற்கு மேகசின் எப்படி இருக்கிறது என்ற பேச்சே இல்லை. நீளம் அளக்கும்போது ஸ்டாக்கை எவ்வளவு குறுக்கிச் சுட முடியுமோ அவ்வளவு குறுக்கித்தான் அளப்பார்கள், குழல் முனையில் திருகி மாட்டிய சாமான் நிரந்தரமாகப் பற்றவைக்கப்படாவிட்டால் கணக்கில் சேராது. நிறைய பேர் கோட்டைவிடும் இடம் இது.

ஆக, ஏஆர்-15 வேண்டும் என்றால் இரண்டு வழி. உறுப்புகளை வைத்துக்கொண்டு மேகசினைப் பூட்டலாம், இல்லை மேகசினைச் சுதந்திரமாக விட்டுவிட்டு உறுப்புகளைக் கழற்றலாம். இன்னொன்றும் உண்டு: பெயர்ப் பட்டியலில் உள்ள கோல்ட் ஏஆர்-15 மாதிரியானவற்றை என்ன மாற்றினாலும் சட்டத்துக்கு உட்படுத்த முடியாது, அதனால் இரண்டு வழிகளுமே பட்டியலில் இல்லாத ரிசீவருக்குத்தான், அதாவது ரைபிளின் நடு உடலுக்குத்தான்.

நான் முதலில் வாங்கியது ஃபிக்ஸட் மேகசின். காரணம் அக்கா மகன் சொன்ன அதே காரணம், அழகு. பிஸ்டல் கிரிப் அப்படியே இருக்கும், ஸ்டாக்கை நீட்டிக் குறுக்கலாம், முனையில் ஃபிளாஷ் ஹைடர் போடலாம். சட்டம் சொல்லும் நிலையான மேகசின் என்பது, ரைபிளின் ஆக்‌ஷனைப் பிரிக்காமல் (சுடும் இயந்திர பாகத்தைத் திறக்காமல்) கழற்ற முடியாத மேகசின். ஏஆரில் அதற்கு அர்த்தம், பின்பக்க டேக்டவுன் பின் என்ற ஆணியை இழுத்து மேல் ரிசீவரைத் தூக்கினால்தான் மேகசின் கழலும். ஏஆர் மேக்லாக் மாதிரி பல பூட்டுகள் சந்தையில் இருக்கின்றன, பழைய மேகசின் பட்டன் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பின்னை இழுத்து மேல்பாகத்தைக் கொஞ்சம் திறந்தால் பூட்டு விடும், மேகசினை மாற்றிவிட்டு மூட வேண்டியதுதான். சிலர் மேகசினைக் கழற்றாமலே, காலி உறை வெளியே வரும் ஜன்னல் வழியாக ஒரு லோடரை வைத்துப் பத்தையும் உள்ளே தள்ளுவார்கள்.

எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை இதில் ஒரு குறையும் இல்லை. பத்து சுட்டு, பின்னை இழுத்து, மாற்றி, மூடி, மறுபடி பத்து. சுடப் பழகும் ரேஞ்சில் யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை.

ஒரு சனிக்கிழமை நாற்பதாவது தோட்டாவோ என்னவோ, சுட்டேன், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து அடைக்கும் உருளை) பாதி வழியில் நின்றுவிட்டது. சுட்ட உறை, குழலில் தோட்டா உட்காரும் இடமான சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டது, அடுத்த தோட்டா பின்னால் வந்து அதன் முதுகில் முட்டிக்கொண்டு நிற்கிறது. சாதாரண ஏஆரில் முதல் வேலை மேகசினை உருவிவிடுவது, அடியிலிருந்து அழுத்தம் போனதும் பாதி சிக்கல் தானாகத் தீரும். என்னுடையதில் மேகசின் வராது. மேகசின் வர வேண்டுமானால் மேல் ரிசீவரைத் திறக்க வேண்டும். மேல் ரிசீவர் திறக்க வேண்டுமானால் போல்ட் முன்னால் இருக்க வேண்டும், ஏனென்றால் போல்ட் கேரியரின் வால் பின்னால் ஸ்டாக்குக்குள் இருக்கும் பஃபர் குழாய்க்குள் நுழைந்து நின்றால் மேலும் கீழும் ஒன்றாகக் கோர்த்தபடி இருக்கும், பின்னை இழுத்தாலும் திறக்காது. போல்ட் முன்னால் வர வேண்டுமானால் சிக்கிய தோட்டா வெளியே வர வேண்டும். தோட்டா வெளியே வர மேகசின் கழல வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கிறேன்.

ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிட்டேன். அவர் மொத்த வரிசையையும் நிறுத்தச் சொன்னார். இன்னும் வெடிக்காத ஒரு தோட்டா உள்ளே சப்பிப்போய் நிற்க, மேகசினில் இன்னும் ஐந்தாறு இருக்க, குழலை மண்மேட்டுப் பக்கமே வைத்தபடி இருபது நிமிடம் இரண்டு பேர் போராடினோம். கடைசியில் ஜன்னல் வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு நெம்பி நெம்பித் தோட்டாவைத் திருப்பி எடுத்தார். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல், காட்டில் வேட்டைக்குப் போன இடத்தில் தனியாக இருந்து, பொறுமை இழந்து ஸ்டாக்கைத் தரையில் குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அந்த ரைபிளை அந்த மாதமே ஃபீச்சர்லெஸ்ஸாக மாற்றினேன்.

இதையும் சொல்ல வேண்டும்: இப்படி இரட்டையாகச் சிக்குவது அடிக்கடி நடப்பதில்லை. நல்ல தோட்டா, நல்ல மேகசின், எண்ணெய் போட்ட போல்ட் என்று வைத்திருந்தால் வருடக்கணக்கில் நடக்காமலும் போகலாம். ஆனால் புதிதாக வருகிறவருக்குத்தான் மலிவான தோட்டா, துடைக்காத சேம்பர், பதற்றம் எல்லாம் ஒன்றாகச் சேரும். அனுபவம் குறைந்தவர் கையில் சிக்கலெடுக்கக் கடினமான ரைபிளைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

பிறகு யாருக்கு ஃபிக்ஸட் மேகசின்? வீட்டில் இரண்டு பேர் ஒரே ரைபிளைச் சுடுகிறீர்கள், ஒருவர் ஆறடி, இன்னொருவர் ஐந்தடி என்றால் நீண்டு குறுகும் ஸ்டாக் உண்மையிலேயே பெரிய வசதி. என் மனைவி ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, என் அளவுக்கு ஆணி அடித்து நிலைநிறுத்திய ஸ்டாக்கைத் தோளில் வைத்தால் அவள் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அப்புறம் மணிக்கட்டு வலி, மூட்டுவலி உள்ளவர்கள். பிஸ்டல் கிரிப் இருந்தால்தான் பிடிக்கவே முடியும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் வாதாட மாட்டேன். ஒரே எச்சரிக்கை, 10க்கு மேல் பிடிக்கும் மேகசின் எந்தக் காலத்தில் எப்படி வாங்கியதாக இருந்தாலும் ஃபிக்ஸட் ரைபிளில் பூட்டிவிடாதீர்கள். பூட்டிய நொடியே அது அசால்ட் வெப்பன்.

ஃபீச்சர்லெஸ் பக்கம் வருவோம். இங்கே மேகசின் பட்டன் எல்லா மாநிலத்திலும் இருப்பது போலவே வேலை செய்யும், அழுத்தினால் விழும். சிக்கினால் உருவு, போல்ட்டை இழு, பார், முடிந்தது. விலையாகக் கொடுப்பது பிடியை. பிஸ்டல் கிரிப் என்றால் என்ன என்று விதிமுறை நுணுக்கமாக எழுதியிருக்கிறது: சுடும்போது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சவ்வு, டிரிகரின் வெளியே தெரியும் பாகத்தின் மேல்நுனிக்குக் கீழே போகும்படி பிடிக்க முடிந்தால் அது பிஸ்டல் கிரிப். அந்தத் துடுப்பின் வேலை இதுதான், கட்டைவிரல் பிடியைச் சுற்றிப் போகவிடாமல் தடுத்துக் கையை மேலே தள்ளுவது. கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் நிற்கும்.

முதல் நாள் பிடித்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கையில் சதைப்பற்று அதிகம் உள்ளவர்களுக்குத் துடுப்பு உள்ளங்கையை அறுக்கும். ரைபிளின் எடையை வலது கை தாங்காது, மேகசின் மாற்றும்போது ஒரு கையில் தூக்கிப் பிடிக்க முடியாது, தோளிலோ மேசையிலோ ஊன்றிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம்விட முக்கியம் சேஃப்டி, தவறிச் சுட்டுவிடாமல் டிரிகரைப் பூட்டும் நெம்புகோல். ஏஆரின் சேஃப்டி நெம்புகோல் இடது பக்கம் இருக்கிறது, வலது கைக்காரரின் கட்டைவிரல் அதைத் தட்டும்படி வைத்தது. துடுப்பு வந்ததும் கட்டைவிரல் வலது பக்கம் போய்விடுகிறது, எட்டாது. சேஃப்டியைப் போடக் கையை எடுத்து மறுபடி வைக்க வேண்டியிருந்தால் மனிதர்கள் சோம்பலில் சேஃப்டி போடாமலே விட்டுவிடுவார்கள், நானே பக்கத்து லேனில் பார்த்திருக்கிறேன். அதனால் ஃபீச்சர்லெஸ் வாங்கினால் இரண்டு பக்கமும் நெம்புகோல் உள்ள சேஃப்டியைக் கட்டாயம் போட்டுவிடுங்கள். மற்ற அலங்காரம் எதற்கும் காசு போடாவிட்டாலும் இதற்குப் போடுங்கள்.

துடுப்பு பிடிக்கவில்லை என்றால் இன்னொரு வகை இருக்கிறது, பிடியும் ஸ்டாக்கும் ஒரே துண்டாகப் பழைய வேட்டை ரைபிள் மாதிரி வளைந்து வரும் ஸ்டாக். தோர்ட்சன் எஃப்ஆர்எஸ்-15 அந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். எனக்கு இதுதான் பிடித்தது. கட்டைவிரல் மேலே சாய்ந்து இயல்பாக உட்காரும், மணிக்கட்டு முறுக்காது, நீளமும் நிலையானது என்பதால் தனியாக ஆணி அடித்து நிலைநிறுத்தும் வேலை இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து 100 கஜம் சுடுகிறவருக்கு பிஸ்டல் கிரிப்பைவிட எந்த விதத்திலும் இது மோசமில்லை. மாற்றிய பிறகும் நான் சுடும் குண்டுகள் இலக்கில் விழும் கூட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன, சொல்லப்போனால் தோள் சாய்மானம் நன்றாக அமைந்ததால் கொஞ்சம் இறுகியே இருக்கின்றன.

முனையில் ஃபிளாஷ் ஹைடர் கூடாது. மசில் பிரேக் (உதையைக் குறைக்கும் குழல்முனைச் சாமான்) போடலாம், இல்லை மரைக்கு மூடி மட்டும் போட்டுவிடலாம். கவனம், பிரேக் என்ற பெயரில் விற்றுக்கொண்டு "தீச்சுவாலையையும் குறைக்கும்" என்று பெட்டியில் எழுதியிருக்கும் சாமான்கள் உண்டு. சுடுகிறவர் கண்ணுக்கு வரும் சுவாலையைக் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைக்கவோ திருப்பவோ செய்தால் பெயர் என்னவானாலும் அது ஃபிளாஷ் சப்ரெஸர்தான். பிரேக் போட்டால் பக்கத்து லேனில் இருப்பவர் உங்களைச் சபிப்பார், அத்தனை சத்தம். ஏஆர் சுடும் .223 தோட்டா உதைப்பதே கொஞ்சம்தான், மூடியே போதும். முன்பக்கம் செங்குத்துப் பிடி எதுவும் வேண்டாம், சாய்ந்த பிடியையும் நான் போட மாட்டேன்.

ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மாற்றும்போது வரிசை முக்கியம். ஃபிக்ஸடிலிருந்து ஃபீச்சர்லெஸ்ஸுக்கு வருகிறவர்கள் முதலில் உறுப்புகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கடைசியில்தான் மேகசின் பூட்டை எடுக்க வேண்டும். நடுவில் ஒரு மணி நேரம்கூட இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது. பதிவில்லாத அசால்ட் வெப்பனைக் கையில் வைத்திருப்பது ஒரு குற்றம், அதை உருவாக்குவது அதைவிடப் பெரிய குற்றம், வருடக்கணக்கில் சிறை.

இந்தக் கூத்து எதுவும் வேண்டாம் என்கிறவர்களுக்கு ரூகர் மினி-14. எழுபதுகளிலிருந்து வருகிறது, அதே .223, செமி-ஆட்டோ, மேகசின் கழலும். மர ஸ்டாக் வைத்த ராஞ்ச் மாடலில் சட்டம் சொல்லும் எந்த உறுப்பும் இல்லை, பெட்டியிலிருந்து எடுத்தபடியே சுடலாம். சேஃப்டி டிரிகர் கார்டுக்கு முன்னால் நடுவில் இருக்கிறது, எந்தக் கைக்காரருக்கும் எட்டும். குறைகள்: சாதாரண ஏஆரைவிட விலை கூடுதல், ஏஆர் மேகசின் பொருந்தாது, ரூகரின் சொந்த மேகசினை முன்பக்கம் கொக்கி போட்டு ஆட்டி மாட்ட வேண்டும், டெலஸ்கோப், ஸ்டாக் என்று மாற்றிக்கொள்ளும் சாமான்கள் ஏஆருக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பழைய தயாரிப்புகளுக்குக் குறி சிதறும் என்ற கெட்ட பெயர் உண்டு, புதியவை தேவலாம். வாங்கும்போது ராஞ்ச்தானா என்று பாருங்கள், டாக்டிகல் என்ற பெயரில் வருபவற்றில் ஃபிளாஷ் ஹைடர் முதலியவை வரும்.

பழைய ராணுவ ரைபிளான எம்1 கேரண்டும் இதே மாதிரி சுத்தம், எட்டுத் தோட்டா கிளிப்போடு உள்ளே போகும், ஆனால் கனம், தோட்டாவும் விலை. பழைய சோவியத் ரைபிளான எஸ்கேஎஸ் என்றால் பத்துத் தோட்டா நிலையான மேகசினோடு இருப்பது மட்டும். கழற்றும் மேகசின் உள்ள எஸ்கேஎஸ் 1989 பட்டியலிலேயே இருக்கிறது.

வேட்டைக்கு என்றால் செமி-ஆட்டோவே எதற்கு? மார்லின் 336 மாதிரி ஒரு லீவர் ஆக்‌ஷன் .30-30, இல்லை ஒரு சாதாரண போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இயக்கி ஏற்றும் வகை என்பதால் இந்தச் சட்டப் பக்கங்களில் ஒரு வரியும் அவற்றைத் தொடாது, எந்தப் பிடியும் போடலாம். காட்டுப்பன்றிக்குப் போகிறவர்களுக்கு இது தாராளம். ஆனால் 2019 ஜூலையிலிருந்து கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது, செம்பு மாதிரி ஈயமில்லாதது வாங்க வேண்டும், விலை பார்த்துத் திகைக்காதீர்கள்.

இனி .22. ரிம்ஃபயருக்கு உறுப்பு விதி இல்லை என்று சொன்னேன் இல்லையா, அதனால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி 15-22 மாதிரி ஒன்றை வாங்கினால் பிஸ்டல் கிரிப், நீளும் ஸ்டாக், கழலும் மேகசின் எல்லாமே சட்டப்படி கிடைக்கும், மேகசின் 10 தோட்டாவுக்குள் இருந்தால் போதும். நெம்புகோல்கள் எல்லாம் ஏஆர் இருக்கும் அதே இடத்தில். உதையே இல்லை. ஒரு .223 தோட்டா விலைக்குப் பல .22 தோட்டா வாங்கலாம், தோட்டாவுக்கும் துப்பாக்கிக்கும் 2024 ஜூலையிலிருந்து மாநிலம் 11 சதவீதம் தனி வரி வேறு போடுகிறது, ஆயிரம் டாலர் ரைபிளுக்கு 110 டாலர் கூடுதல். சுடப் பழகுவது என்பது மூச்சு, டிரிகர், குறி இவற்றை ஆயிரம் முறை செய்வது. ஆயிரம் முறை செய்யக் கட்டுப்படியாகும் ரைபிள் இதுதான். என் மகளுக்கு இதில்தான் கற்றுக்கொடுத்தேன், இன்றைக்கும் வீட்டில் அதிகம் வெளியே போவது இதுதான்.

வேலை மாறி வேறு மாநிலம் போகும் வாய்ப்பு இருப்பவர்கள் ஒன்றை யோசியுங்கள். கலிபோர்னியாவில் சரியாக இருப்பது மற்ற இடத்தில் சரியாக இருக்காது. நியூயார்க்கில் 2013 சேஃப் ஆக்ட் மசில் பிரேக்கையும், அதை மாட்டுவதற்கான மரை போட்ட குழலையும்கூட உறுப்பாக எண்ணுகிறது, அங்கே விதி ரிம்ஃபயருக்கும் பொருந்தும், ஆக நான் மேலே புகழ்ந்த .22 அப்படியே போனால் அங்கே குற்றம். வாஷிங்டன் மாநிலத்தில் 2023 ஏப்ரலிலிருந்து ஏஆர்-15ஐ எந்த வடிவத்திலும் விற்கவும் முடியாது, புதிதாகக் குடிபோகிறவர் உள்ளே கொண்டுவரவும் முடியாது. பே ஏரியாவிலிருந்து சியாட்டில் போகும் நம் ஆட்கள் எத்தனை பேர். அவர்களுக்கு போல்ட் ஆக்‌ஷனோ லீவரோ நிம்மதி.

"கோர்ட்ல கேஸ் நடக்குதே, சட்டமே போயிடும், அதுக்கப்புறம் வாங்கலாம்" என்றும் சிலர் சொல்கிறார்கள். சான் டியேகோவில் நீதிபதி ரோஜர் பெனிடெஸ் 2021இல் ஒருமுறை, 2023இல் ஒருமுறை இந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தார். இரண்டு முறையும் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. தீர்ப்புச் செய்தியைப் பார்த்த உற்சாகத்தில் துடுப்பைக் கழற்றியவர்கள் அன்றைக்கும் குற்றவாளிகள்தான். சட்டம் மாறினால் ஃபீச்சர்லெஸ் ரைபிளில் பிடியை மாற்ற ஒரு திருகுதான், அதற்காகக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை.

வாங்கும் நடைமுறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஃபயர்ஆர்ம் சேஃப்டி சர்டிபிகேட் தேர்வு, 30 கேள்வியில் 23 சரியாக வேண்டும், 25 டாலர், ஐந்து வருடம் செல்லும். பிறகு பின்னணிச் சோதனை, பத்து முழு நாள் காத்திருப்பு. செமி-ஆட்டோ சென்டர்ஃபயர் என்றால் 21 வயது ஆகியிருக்க வேண்டும். தோட்டா வாங்கவும் ஒவ்வொரு முறையும் சோதனை உண்டு, நெவாடாவில் மலிவு என்று வாங்கிக் காரில் போட்டு வரக் கூடாது. வீட்டில் பூட்டும் பெட்டி வாங்காமல் ரைபிள் வாங்காதீர்கள். 2026 ஜனவரி 1 முதல் கையில் இல்லாத நேரமெல்லாம் பூட்டி வைப்பது இங்கே சட்டம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சட்டம் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை.

அக்கா மகனைக் கடைக்குக் கூட்டிப்போய், துடுப்பு வைத்தது, பூட்டு வைத்தது, மினி-14 மூன்றையும் கையில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ளே சிக்கியதாக நினைத்துக்கொண்டு காலி மேகசினை வெளியே எடுத்துக் காட்டு என்றேன். பூட்டு வைத்ததில் பின்னைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் ஆனது. அவனே கவுன்டரில் திருப்பி வைத்துவிட்டான். மினி-14 விலையைப் பார்த்துவிட்டு "அடுத்த வருஷம் மாமா" என்றான். இப்போதைக்கு .22க்குப் பணம் கட்டியிருக்கிறான், வெள்ளிக்கிழமையோடு பத்து நாள் முடிகிறது. சனிக்கிழமை காலை ரேஞ்சுக்குப் போகிறோம், காது மூடியும் கண்ணாடியும் என்னிடம் இரண்டு ஜோடி இருக்கின்றன, 25 கஜத்தில் ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.